பாம்புக் கடிக்கு ஈஸ்வரமூலி வேர் உதவுமா?

காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் ஏரிக்கரைப் புதர்களிலும், பழைய வேலிகளிலும், தோப்புகளிலும் தானாகப் படர்ந்து வளரும் கொடிகளுள் ஒன்று ஈஸ்வரமூலி. பெருமருந்துக் கொடி, கருடக்கொடி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. தாவர நூலார் இதனை அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்பர். இதன் வேரை நாவில் வைத்த மாத்திரத்தில் கடுங்கசப்பு தெரியும். நசுக்கி முகர்ந்தால் கற்பூரம் கலந்தாற் போன்ற ஒரு நெடி வரும்.

பாம்புக் கடி, தேள் கடி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, மாதவிலக்குத் தடை ஆகியவற்றுக்கு இவ்வேரைத் தலைமுறை தலைமுறையாகக் கிராமங்களில் கொடுத்து வந்திருக்கின்றனர். பெருமருந்து என்ற பெயரே இதன்மீது மக்கள் வைத்த நம்பிக்கையைக் காட்டும். ஆயினும் இவ்வேரில் அடங்கியுள்ள பொருளைப் பற்றி அண்மைக் காலத்தில் கிடைத்துள்ள அறிவு வேறு விதமாக உள்ளது. பாம்பு நடமாட்டமுள்ள வயலில் வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுதல் அவசியம்.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இறந்தவர்களில் பலர் மருத்துவமனையை அடையவேயில்லை. அல்லது காலம் கடந்து அடைந்தனர். அந்தக் காலம் எங்கே கழிந்தது என்று பார்த்தால், வேரைத் தேடுவதிலும், அரைப்பதிலும், மந்திரிப்பதிலும் கழிந்திருப்பது பல இடங்களில் தெரிய வரும்.

கொடியை அடையாளம் காணல்

ஈஸ்வரமூலி பல ஆண்டுகள் வாழும் சுற்றுக்கொடி. அடித்தண்டு கட்டை போல் தடித்திருக்கும். இலைகள் ஒரே கொடியில்கூடப் பல வடிவங்களில் இருக்கும். சில நீண்டும், சில நடுவில் இடுங்கியும் காணப்படும். பூ வெளிர்பச்சை நிறத்தில், அடியில் குமிழ் போல் உருண்டு, மேலே குழலாக நீண்டு, வாயருகில் கருஞ்சிவப்பாக இருக்கும். காய் 6 பட்டைகள் உடையது. முற்றிக் காய்ந்ததும் காம்புப் பக்கமாகப் பிளந்து, நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு கூடை போல் ஆடும். அதனுள் தட்டையான, சிறகுள்ள விதைகள் அடுக்கடுக்காக இருக்கும்.

இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடி ஆடுதின்னாப்பாளை. ஆடுதீண்டாப்பாளை என்றும் சொல்வதுண்டு. இது தரையோடு படரும். இலை சிறுநீரக வடிவில் இருக்கும். பூ கருஞ்சிவப்பான சிறு குழல். கரிசல் நிலங்களிலும், தரிசுகளிலும், வரப்புகளிலும் களையாக முளைக்கும். கண்டதையெல்லாம் மேயும் ஆடு இதை மட்டும் ஒதுக்கிச் செல்வதைப் பார்த்தே நம் முன்னோர் இப்பெயரை இட்டனர். இச்செடியைப் பற்றி முதலில் எச்சரித்தது ஆடுதான் என்று சொல்லலாம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம். வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கு வேறு செடி. காய்ச்சலுக்குக் குடிநீராகத் தரப்படும் நிலவேம்பும் வேறு. நிலவேம்பும் கசப்புதான் என்றாலும், கீழே கூறப்படும் நச்சுப் பொருள் அதில் இல்லை.

நம்பிக்கை எவ்வாறு வேரூன்றியது?

ஈஸ்வரமூலி கொடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்று விவசாயிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஒரு கிராமத்தில் 10 பேரைப் பாம்பு கடித்தது என்று வைத்துக் கொள்வோம். அவர்களில் சிலரைக் கடித்தது சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்ற விஷமற்ற பாம்பாக இருக்கும். வேறு சிலரை நல்ல பாம்போ விரியனோ கடித்திருந்தாலும், விஷத்தை உட்செலுத்தாமல் பல்லை மட்டும் பதித்திருக்கும். விஷப் பாம்பின் கடியிலும் இவ்வாறு நேர்வதுண்டு. இத்தகையோர் எதைத் தின்றாலும் பிழைப்பர். எதையும் தின்னாமலிருந்தாலும் பிழைப்பர். ஆனால் பெயர் வேருக்குப் போய்ச் சேரும். மெய்யாகவே விஷம் ஏறியவர் இறந்து போனால், 'விதி முடிந்தது' என்றோ, 'வேர் கொடுக்கத் தாமதமாகிவிட்டது' என்றோ சொல்லி விடுவர். இப்படி வெற்றி மட்டும் எண்ணப்படுகிறது; தோல்வி கணக்கில் வருவதில்லை. ஒரு போகத்தில் தற்செயலாக விளைந்ததை வைத்து ஒரு ரகத்தைச் சிறந்தது என்று விவசாயி முடிவு செய்வதில்லை. மருந்துக்கும் அதே அளவுகோல் வேண்டும்.

கீரிப்பிள்ளை பாம்போடு சண்டையிட்ட பின் ஏதோ ஒரு வேரைத் தின்று பிழைக்கிறது என்ற பேச்சும் உண்டு. கீரி பிழைப்பதற்குக் காரணம் வேர் அன்று. அதன் வேகமும், உடலமைப்புமே. நல்ல பாம்பின் விஷம் தசையில் பற்றிக் கொள்ளும் இடம் கீரிக்குச் சற்று மாறுபட்ட அமைப்பில் இருப்பதால், விஷம் அங்கே சரியாக ஒட்டுவதில்லை. மனித உடலில் அந்த அமைப்பு இல்லை.

கசப்புச் சோதனையும் தவறானதே. கடிபட்டவர் வாயில் சிறியாநங்கை, வேப்பிலை போன்ற கசப்பு இலையைக் கொடுத்து, கசக்கிறது என்றால் விஷம் ஏறவில்லை என்றும், இனிக்கிறது என்றால் ஏறிவிட்டது என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. விரியன் விஷம் இரத்தத்தைக் கெடுக்கும். நாக்கின் சுவையை மாற்றுவதில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதல் சில மணி நேரம் எந்தக் குறியும் தெரியாமலே இருக்கலாம். அந்த நேரத்தில் இலை நன்றாகவே கசக்கும். 'விஷம் இல்லை' என்று படுக்க வைத்தவர், விடியுமுன் மூச்சுத் திணறி இறந்து போகக்கூடும்.

வேரில் இருப்பது என்ன?

இவ்வினச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் உள்ளது. கண்ணாடி விரியன் விஷத்திலுள்ள ஒரு நொதியை இப்பொருள் ஆய்வுக்கூடத்தில் ஓரளவு கட்டுப்படுத்துவது மெய்தான். ஆனால் பாம்பின் விஷம் பல பொருள்களின் கலவை. அவற்றுள் ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் தடுப்பதும், உடலில் பரவிவிட்ட விஷத்தை முறிப்பதும் ஒன்றல்ல. அரைத்துக் குடித்த வேர் உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. மாறாக, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கு உலகெங்கும் ஆதாரம் குவிந்துள்ளது.

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைப்பதற்கென்று சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர்க் குழப்பத்தால், ஈஸ்வரமூலி இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர் கலந்து விட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இச்செய்தி 1993-ல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை 100-ஐத் தாண்டியது. சிறுநீரகம் முற்றிலும் கெட்ட 39 பேரிடம், புற்றுநோய் வராமலிருக்க முன்னெச்சரிக்கையாக அவ்வுறுப்பை அகற்றிப் பார்த்ததில், 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் ஏற்கனவே தோன்றியிருந்தது 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இவ்வினச் செடிகள் கலந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-ல் வகைப்படுத்தியது.

கண்ணாடி விரியன் விஷம் தானாகவே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அக்கடிக்கு இவ்வேரைக் கொடுப்பது, ஏற்கனவே அடிபட்ட உறுப்பின் மேல் மற்றொரு அடி வைப்பதாகும். மாதவிலக்குத் தடைக்கென்று பெண்கள் இதை உட்கொள்வதும் ஆபத்தானது. கருவுற்ற பெண்கள் அறவே தொடக் கூடாது. வேரினால் வரும் கேடு அன்றே தெரிவதில்லை. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல வெளிப்படும். ஆகவே 'நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற சொல்லை நம்பி இறங்கக் கூடாது.

தானியத்திலும் தீவனத்திலும் கவனம்

இந்த இனம் விவசாயிகளுக்குத் தரும் பாடம் மருந்தோடு முடிவதில்லை. ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய செர்பியா, குரோஷியா, போஸ்னியா, பல்கேரியா, ருமேனியா நாடுகளின் சில கிராமங்களில், விவசாயக் குடும்பங்களைத் தொடர்ந்து சிறுநீரக நோய் தாக்கி வந்தது. 1950-களில் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தனர். நீரா, காற்றா, பரம்பரையா என்று நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவ்வூர்களின் கோதுமை வயல்களில் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு செடி களையாக வளர்ந்திருந்தது. அதன் விதை கோதுமையோடு அறுவடையாகி, மாவாக அரைபட்டு, ரொட்டியில் கலந்து உடலுக்குள் சென்றதே காரணம் என்பது, நோயாளிகளின் சிறுநீரகத்தில் அந்நச்சுப் பொருளின் தடயம் இருப்பதை 2007-ல் வெளியான ஆய்வு காட்டிய பின் உறுதிப்பட்டது. களையை எடுக்காமல் விட்டதன் விலையைச் சிறுநீரகம் செலுத்தியது.

ஆகவே ஆடுதின்னாப்பாளை தென்படும் நிலங்களில் காய் முற்றுமுன் கொத்தி எடுத்து விட வேண்டும். இது பல ஆண்டு வாழும் செடியாதலால் மேலே அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். கோடை உழவு செய்யும்போது மேலே வரும் வேர்க் கட்டைகளைப் பொறுக்கி அழித்து விடலாம். கேழ்வரகு, கம்பு, உளுந்து போன்றவற்றைக் களத்தில் தூற்றும்போது களை விதைகள் கலந்திருப்பின் சலித்து நீக்க வேண்டும். தீவனத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரப்புப் புல்லோடு இச்செடியையும் சேர்த்து அறுத்துப் போட்டு விடக் கூடாது. மேயும்போது ஒதுக்கத் தெரிந்த ஆடு, நறுக்கிப் போட்ட தீவனத்தில் பிரித்துப் பார்க்க முடியாமல் தின்று விடலாம்.

வேலியிலுள்ள ஈஸ்வரமூலிக் கொடியை அழிக்க வேண்டிய அவசியமில்லை. சிவந்த உடலும் கறுத்த இறக்கையும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் இவ்வினக் கொடிகளில்தான் முட்டையிடும். அவற்றின் புழுக்கள் பயிர்களைத் தொடுவதில்லை. கொடி வேலியில் இருக்கலாம். அதன் வேர் அம்மிக்கு வரக் கூடாது.

மெய்யான மருந்து எங்கிருந்து வருகிறது?

பாம்பு விஷத்துக்கு மருந்து ஒன்றுதான். அது விஷமுறிவு ஊசி. அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும் பகுதி, பழைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்துதான் நாடு முழுவதற்கும் சென்று வந்திருக்கிறது. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் இவ்விடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது. இருளர்கள் அரசு அனுமதியுடன் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டு விடுகின்றனர். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறு சிறு அளவில் செலுத்துவர். குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதைப் பிரித்துத் தூய்மை செய்ததே விஷமுறிவு ஊசி. பாம்பு விஷத்தின் தன்மை இடத்துக்கு இடம் மாறும். வேறு மாநிலங்களில் இது ஒரு சிக்கலாக உள்ளது. நம் வட்டாரப் பாம்புகளின் விஷத்திலிருந்தே தயாரித்த மருந்து நமக்குக் கிடைப்பது ஒரு நன்மை.

ஒரு குப்பி போதுமா என்று உறவினர் கேட்பதுண்டு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் சுமார் 60 மில்லிகிராம் விஷத்தைச் செலுத்தக்கூடும். 10 மில்லி கொண்ட ஒரு குப்பி மருந்து அவ்விஷத்தில் 6 மில்லிகிராம் அளவையே முறிக்கும். எனவேதான் மருத்துவர்கள் தொடக்கத்திலேயே 10 குப்பி வரை செலுத்துகின்றனர். சிறுவர்களுக்கும் இதே அளவுதான். உடல் சிறிது என்பதால் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை. இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆகவே மருத்துவர் கண்காணிப்பில்தான் போட்டுக் கொள்ள வேண்டும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி உட்கார அல்லது படுக்க வைத்துத் தைரியம் சொல்ல வேண்டும். ஓடவோ நடக்கவோ விடக் கூடாது.

2. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும். வீக்கம் ஏறியபின் கழற்ற இயலாது.

3. கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் கட்டுவது போல், மட்டையோ மூங்கில் பட்டையோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும்.

4. கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுடுதல், வேர் அரைத்துக் கொடுத்தல், சாராயம் கொடுத்தல் ஆகியவற்றில் எதையும் செய்யக் கூடாது.

5. 108 வண்டியை அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமாகும் என்றால், கிடைக்கும் வாகனத்தில், இருவருக்கு நடுவே உட்கார வைத்தாவது, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

6. பாம்பைத் துரத்தி அடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. 4 பாம்புகளுக்கும் ஒரே ஊசிதான். கடித்த நேரத்தையும், தெரிந்த குறிகளையும் சொன்னால் போதும். வேர் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி விட வேண்டும்.

இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல், விழுங்க முடியாமை, காரணமின்றி விடியற்காலையில் கடும் வயிற்று வலி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவை விஷம் ஏறியதைக் காட்டும். விரியன் விஷம் ஏறியுள்ளதா என்பதை, சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். எந்த இலையின் கசப்பும் இச்சோதனைக்கு ஈடாகாது.

கடிபடாமல் இருக்க

வயலிலும் வீட்டிலும் சில பழக்கங்கள் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கும். இரவில் பம்ப்செட் போடவும், மடை திருப்பவும் செல்லும்போது டார்ச் விளக்கும், முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் அவசியம். சொர்ணவாரி, சம்பா, நவரை எப்போகமானாலும், கதிர்க்கட்டைத் தூக்குமுன் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நிலக்கடலைக் கொடியைக் குவித்து வைத்த இடத்திலும், வைக்கோல் போரிலும் வெறுங்கையை நுழைக்கக் கூடாது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வரப்பு வளைகளை வெட்டி, வீட்டுத் தானியத்தை மூடி வைத்தால் பாம்பும் குறையும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிக்கும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை; தூக்கத்தில் தெரியாமலே போகும். கட்டிலில் படுத்துக் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகி விடுதல் நல்லது. நெசவும் பயிரும் சேர்ந்த குடும்பங்கள், தறிக்குழியில் கால் வைக்குமுன் விளக்கடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

பாம்புக் கடி மரணத்தை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியத் திட்டம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பாம்புக் கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசும் அதே ஆண்டு நவம்பரில் ஆணையிட்டது. திட்டம் எதுவாயினும், கடிபட்டவர் வீட்டிலிருந்து வண்டி ஏறும் அந்த முதல் அரைமணி நேரம் குடும்பத்தார் கையில்தான் உள்ளது.

ஆகவே விவசாயிகள் ஒன்று செய்யலாம். தங்கள் ஊருக்கு அருகில் விஷமுறிவு ஊசி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்பதை இந்த வாரமே நேரில் விசாரித்து, வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டிக்காரரின் பெயரையும் அதன் கீழே எழுதி வைத்தால், வேரைத் தேடி வேலிக்கு ஓட வேண்டிய தேவை இராது.